ரோதை திறக்காத கதவு

மைசூரில் என் நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் பாட்டிலுக்கும் தண்ணீர் ஜாடிக்கும் நடுவில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. தினமும் இரண்டு வேளை அதில் ஒரு மாத்திரை விழுகிறது. போடுபவர் நண்பரின் தாயார். வயது 78. விழுங்குபவன் அவருடைய பேரன். வயது 17. விழுங்குவதற்கு முன் இருவரும் கண்ணை மூடி அரை நிமிஷம் ஜெபிக்கிறார்கள். முடிந்ததும், "முழுங்கிட்டியா? வாயைத் திற, பார்க்கலாம்" என்கிறார் பாட்டி. மீசை அரும்பிய பையன் சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்து காட்டுகிறான்.

இந்தச் சோதனைக்குக் காரணம் இருக்கிறது. பையனுக்குப் பத்து வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையில் நன்றாகவே அடங்கியிருந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு உறவுக்காரர் ஒருவர் அவனை ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். நடத்தியது யார், எந்த ஊரில் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மேடையில் இருந்தவர் பையனின் தலையில் கை வைத்து, பிசாசின் கட்டு அறுந்தது, விடுதலை கிடைத்துவிட்டது என்று அறிவித்தார். இனிமேல் மாத்திரை சாப்பிட்டால் கர்த்தரை நம்பவில்லை என்றுதான் அர்த்தம் என்றும் சொன்னார். கூட்டம் கை தட்டியது. பையன் நம்பினான். வீட்டில் யாரிடமும் சொல்லாமல், வேளை தவறாமல் மாத்திரையை வாங்கி, வேளை தவறாமல் ஜன்னல் வழியாக வீசினான்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்தது. ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், உயிரே போகலாம் என்பது எந்த டாக்டரும் சொல்கிற பாலபாடம். மூன்று நாள் ஐ.சி.யு.வில் கிடந்தான். பிழைத்தான். கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ அல்ல.

"ஆயா, என்னோட விசுவாசம் பத்தலையா?"

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் நண்பர் இதைச் சொன்ன நாளிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வியாதி கொடுத்த வேதனையோடு, அது குணமாகாததற்குக் காரணமும் நீதான் என்ற பழியையும் ஒரு பையன் தலையில் ஏற்றியாகிவிட்டது. வலிப்பைக் குணமாக்குவதாக மருந்தையோ மந்திரத்தையோ விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. அந்தப் பழியை இறக்கிவைக்க எந்தச் சட்டமும் உதவாது.

போன மாதம் மைசூருக்குப் போனபோது, அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று பாட்டியிடமே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தங்கவயலைப் பற்றிப் பேசினார்.

கோலார் தங்கவயல் அவர் பிறந்து வளர்ந்த இடம். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. (காவிரியில், சிவசமுத்திரத்தில் 1902-ல் எடுக்கப்பட்ட மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது இந்தத் தங்கவயலுக்குத்தான். மைசூர் அரண்மனை கூடப் பிறகுதான் வெளிச்சம் கண்டது.) கணவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தரைக்கு அடியில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போன சுரங்கம். 2001-ல் சுரங்கங்களை மூடிய பிறகு, மகனின் உத்தியோகத்தை ஒட்டிக் குடும்பம் மைசூருக்கு வந்தது.

அவ்வளவு ஆழத்தில் பாறை தானாகவே வெடிக்கும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களும் தங்கவயலில் அதை 'ராக் பர்ஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். மேலே வீட்டில் அடுக்கிய பாத்திரம் அதிரும். பெண்கள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள்.

"அப்படி ஓடின ஒரு ராத்திரி என் வீட்டுக்காரர் மேல வந்தாரு தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் வரலை. ரெண்டு வீடும் ஒரே சபை. ஷாஃப்ட் வாசல்ல ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணோம். அவ என்னைவிட ஜாஸ்தி ஜெபம் பண்றவ. ஞாயித்துக்கிழமை கோயில்ல, உங்க வீட்டுக்காரர் பிழைச்சதுக்கு சாட்சி சொல்லுங்கன்னாங்க. நான் எந்திரிக்கவே இல்லை. முன் வரிசையில அவ உட்கார்ந்திருக்கா. எப்படி எந்திரிப்பேன்?"

அதற்கு மேல் அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. சமையலறையில் குக்கர் கூப்பிட்டது.

நண்பர் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவர். வீட்டில் பேச முடியாததையெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பேசுவது அவர் பழக்கம். மறுநாள் காலை பைக்கில் கூட்டிப் போனார். சுமார் 15 கிலோமீட்டர். 2023-ல் திறந்த பெங்களூர் நெடுஞ்சாலை ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போய்விடுவதால் பழைய ரோட்டில் கூட்டம் குறைந்திருக்கிறது. கோட்டைச் சுவரை ஒட்டி, ஆற்றுப் பக்கமாகச் சில படிகள் இறங்கினால் ஒரு பாதாளச் சிறை. வெள்ளையடித்த வளைவுக் கூரை. சுவரோரம் நட்டிருக்கும் கற்பலகைகளில் துளைகள். கைதிகளின் கைகளைச் சங்கிலியால் கட்டிவைக்க என்கிறார்கள். கர்னல் பெய்லி பெயரைச் சொல்கிற இடம். 1780 செப்டம்பர் 10-ம் தேதி, நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியிடம் தோற்றுப் பிடிபட்டவர் பெய்லி. 1782-ல் சிறையிலேயே செத்தார். அவரோடு பிடிபட்ட டேவிட் பெயர்டு மூன்றரை வருடத்துக்கு மேல் அடைபட்டிருந்து 1784-ல் வெளியே வந்தார். 1799 மே 4-ம் தேதி இதே கோட்டைச் சுவரில் ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். ஒரே போர்க்களத்தில் பிடிபட்ட இருவர். ஒருவர் வெளியே வந்தார், மற்றவர் வரவில்லை. பாட்டியின் ஷாஃப்ட் வாசல் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் நண்பர் என்னை அங்கே கூட்டிப்போனது வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக அல்ல.

இரண்டாம் மைசூர் யுத்தத்தில் மங்களூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்று திப்பு சுல்தான் நம்பினார். 1784 பிப்ரவரியில், சாம்பல் புதனை ஒட்டி, அவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடிக்க உத்தரவு போனது. மாதா கோயில்கள் இடிக்கப்பட்டன. சொத்துக்கள் பறிமுதல். ஆண், பெண், குழந்தை, கிழவர் எல்லோரும் மலைத்தொடரைத் தாண்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்தப்பட்டார்கள். எத்தனை பேர் என்பதில் கணக்குகள் ஒத்துப்போகவில்லை. 30,000 என்று ஒரு கைதி எழுதினார். 60,000 என்று சிலர், 80,000 என்று சிலர். வழியிலேயே பல ஆயிரம் பேர் செத்தார்கள் என்பதில் மட்டும் பெரிய தகராறு இல்லை. மிஞ்சிய ஆண்களில் மிகப் பலருக்குக் கட்டாயமாகச் சுன்னத் செய்து மதம் மாற்றினார்கள். இளைஞர்களைப் படையில் சேர்த்தார்கள்.

திப்புவைப் பற்றி இப்போது யார் எதை எழுதினாலும் இரண்டு பக்கமும் கொடி பிடிக்க ஆள் இருக்கிறது. மராட்டியப் படையினர் 1791-ல் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது அதைச் சீர்செய்யப் பணம் அனுப்பியவரும் இதே திப்புதான். இரண்டும் நடந்தவை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை. என் அக்கறை சுல்தானிடம் இல்லை, அந்தக் கைதிகளிடம்.

1784-லிருந்து 1799 வரை பதினைந்து வருடம். குருமார் கிடையாது, பூசை கிடையாது. முதல் வருடம் ஜெபித்திருப்பார்கள், விடுதலை இந்த வருடமே வரும் என்று. 1792-ல் கார்ன்வாலிஸ் பிரபு கோட்டை வாசல் வரை வந்து, திப்புவின் பாதி ராஜ்ஜியத்தையும் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகவும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். வந்துவிட்டது என்று நினைத்த விடுதலை கண்ணெதிரே திரும்பி நடந்ததைப் பார்த்தவர்களின் ஜெபம் அன்று ராத்திரி எப்படி இருந்திருக்கும்? எழுதிவைக்க அவர்களிடம் ஆள் இல்லை.

கடைசியில் அது 1799-ல் வந்தது. அதுவும் எப்படி? தங்களுக்காக யாரும் வரவில்லை. கம்பெனிக்கு ராஜ்ஜியம் வேண்டியிருந்தது, நிஜாமுக்குப் பங்கு வேண்டியிருந்தது. கோட்டை விழுந்தது, திப்பு இறந்தார், கைதிகள் ஊர் திரும்பலாம் என்றாயிற்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மங்களூர்க்காரர்கள் வீட்டுக்கு நடந்த அந்த வருடம்தான் திப்புவின் பிள்ளைகளும் குடும்பத்துப் பெண்களும் வேலூர்க் கோட்டைக்குக் காவலுடன் அனுப்பப்பட்டார்கள். ஒரு வீட்டின் விடுதலையும் இன்னொரு வீட்டின் சிறையும் ஒரே கதவின் வழியாக நடந்தன. எங்களைக் கர்த்தர் விடுவித்தார் என்று சாட்சி சொல்ல எழுந்தவர்களில் யாராவது இதை நினைத்து மறுபடி உட்கார்ந்தார்களா, தெரியாது. உட்கார்ந்திருந்தால் பாட்டிக்கு அவர்களைப் பிடித்திருக்கும்.

இந்த இடத்தில்தான் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் உள்ளே வருகிறார். அபே துபுவா. இந்தியப் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகத்துக்காக இன்றும் பேசப்படுபவர். பாண்டிச்சேரி வழியாகத் தமிழ் நாட்டில் ஊழியத்தைத் தொடங்கியவர், கோட்டை விழுந்த 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைக்கப்பட்டார். கட்டாயமாக மதம் மாற்றப்பட்டவர்களைத் திரும்பச் சபையில் சேர்ப்பது அவர் வேலை. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். செய்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். கோட்டைக்குப் பக்கத்தில் கஞ்சாமில் இருந்துகொண்டு ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்தார். அவர்களுக்கு விவசாயக் குடியிருப்பு அமைத்தார். பெரியம்மைத் தடுப்பூசியை மைசூர்ச் சீமையில் பரப்ப அலைந்தார்.

அப்படிப்பட்டவர், 1823-ல் இந்தியாவை விட்டுப் போன வருடத்தில் வெளியான கடிதங்களில், அந்தக் கைதிகளைப் பற்றி எழுதியதைப் படித்தால் நெஞ்சு சுருங்குகிறது. இத்தனை ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட எதிர்த்து நின்று, என் விசுவாசத்தை விடமாட்டேன் என்று சொல்லிச் சாகத் தைரியம் இருக்கவில்லையே என்று வெட்கப்படுகிறார், கோபப்படுகிறார். விசுவாசம் போதவில்லை என்பதுதான் தீர்ப்பு.

"துபுவா 1792-ல் பிரான்ஸை விட்டுக் கப்பல் ஏறினவர்" என்றார் நண்பர், அந்தக் கல்துளையில் விரலை விட்டுக்கொண்டே. "அங்கே புரட்சி பாதிரிமார்களை வேட்டையாட ஆரம்பித்த வருடம். அவர் தப்பித்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கடவுள் காப்பாற்றினார் என்றே வைத்துக்கொள்வோம். கழுத்தில் கத்தி வைக்கப்படாதவர், வைக்கப்பட்டவனைப் பார்த்து ஏன் சாகவில்லை என்று கேட்கலாமா? அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. விசுவாசம் இல்லாதவர்கள் என்றால் பதினைந்து வருடம் கழித்து எதற்காக அவரைத் தேடி வந்தார்கள்? ஒருவரும் விரட்டவில்லையே."

மேடையில் நின்றவரும் இதைத்தான் சொன்னார் என்று நண்பர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்குத் தோன்றியது இது. விடுதலைக்காகக் கடவுளை நம்புவது என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் தேதி போட்ட ஒரு ரசீதைக் கேட்கிறோம். வந்தால் விசுவாசம், வராவிட்டால் குறை. அந்தக் கணக்கில் பெய்லி தோற்றவர், பெயர்டு ஜெயித்தவர். பக்கத்து வீட்டுப் பெண் தோற்றவர், பாட்டி ஜெயித்தவர். பாட்டி அந்தக் கணக்கை அன்றைக்கே கிழித்துப்போட்டதால்தான் சாட்சி சொல்ல எழுந்திருக்கவில்லை.

அப்படியானால் நம்புவது என்றால் என்ன செய்வது? அதற்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு ஆள் வந்து போயிருக்கிறார். தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரிந்தவர்தான், சுவார்ட்ஸ் ஐயர். பிரஷ்யாவில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழிலேயே வாழ்ந்து, 1798-ல் தஞ்சாவூரில் இறந்த பாதிரியார். 1779-ல் சென்னை கவர்னர் ரம்போல்டு, ஹைதர் அலியிடம் சமாதானம் பேச இவரை அனுப்பினார். ஆங்கிலேய அதிகாரிகளின் வார்த்தையில் நம்பிக்கை இழந்திருந்த ஹைதர் இந்தப் பாதிரியாரை நம்பினார். மாதக்கணக்கில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிப் பேசினார் சுவார்ட்ஸ். பரிசுப் பணம் கொடுத்தபோது தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

தூது தோற்றது. கம்பெனி தன் போக்கில் போனது. மறு வருடம் ஹைதரின் குதிரைகள் கர்நாடகச் சீமையில் இறங்கின. தஞ்சாவூர் எரிந்தது, பஞ்சம் வந்தது. சமாதானத்துக்காக சுவார்ட்ஸ் எவ்வளவு ஜெபித்திருப்பார்! ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் அவர் இன்னொரு காரியமும் செய்துவைத்திருந்தார். நெல் மலிவாக இருந்தபோதே வாங்கிச் சேமித்திருந்தார். பஞ்சத்தில் அதை வைத்துப் பட்டினி கிடந்தவர்களுக்குச் சோறு போட்டார். கோட்டைக்குள் சிப்பாய்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தபோது, பணம் தராமல் ஏமாற்றிய சர்க்காரை நம்பிக் குடியானவர்கள் ஒரு மூட்டை கொண்டுவரத் தயாராக இல்லை. சுவார்ட்ஸ், நான் பணம் தருகிறேன் என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத் தானிய வண்டிகள் வந்தன. சொன்னபடி பணத்தையும் கொடுத்து அனுப்பினார். ஹைதர் கூட இவர் போகிற வழியில் தொல்லை செய்யக்கூடாது என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார்.

கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறவன் எதற்காக நெல் வாங்கி வைக்கிறான் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் பசித்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

திரும்பும் வழியில் மைசூரில் பிலோமினா மாதா கோயில் பக்கம் வண்டியை நிறுத்தினோம். இரட்டைக் கோபுரம் 175 அடி. 1933-ல் அடிக்கல் நாட்டியவர் நாலாம் கிருஷ்ணராஜ உடையார். புனிதரின் திருப்பண்டத்தைத் தருவித்தவர் மகாராஜாவின் அந்தரங்கச் செயலாளர் தம்பு செட்டி. நிலவறையில் படுத்த நிலையில் பிலோமினாவின் சிலை. இந்தப் புனிதரின் திருநாளை 1961-ல் ரோமாபுரி தன் நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. 1802-ல் ரோமில் கல்லறை ஒன்றில் கிடைத்த எலும்புகளையும் சில எழுத்துக்களையும் தவிர அவரைப் பற்றி உறுதியான சரித்திரம் எதுவும் இல்லை என்பதுதான் விஷயம். நாட்காட்டி போனது மெழுகுவர்த்தி விற்பவருக்குத் தெரியாது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள். என் நண்பர் தென்னிந்தியத் திருச்சபைக்காரர், புனிதர்களிடம் வேண்டுகிற வழக்கம் கிடையாது. ஆனாலும் மகன் ஐ.சி.யு.வில் இருந்த இரண்டாம் ராத்திரி இங்கே வந்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன் என்று அப்போதுதான் என்னிடம் சொன்னார். அம்மாவிடம் சொல்லவில்லையாம். நானும் சொல்லப்போவதில்லை. (அவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை என்ற தைரியம்தான்.)

மத்தியானம் பாட்டி தானாகவே பேச்சைத் தொடங்கினார். கூட்டத்தில் பிரசங்கம் செய்தவர் எடுத்துக்கொண்டது மாற்கு சுவிசேஷத்தில் ஒன்பதாம் அதிகாரம். ஒரு தகப்பன் வலிப்பு வந்த மகனை இயேசுவிடம் கொண்டுவருகிறான். சீஷர்களால் முடியவில்லை. விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்கிறார் இயேசு. பிரசங்கம் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"அடுத்த வரியை அந்த மனுஷன் வாசிக்கவே இல்லை தம்பி" என்றார் பாட்டி. "அந்தத் தகப்பன் உடனே கண்ணீரோட கத்தறான், நம்பறேன் ஆண்டவரே, ஆனா என்கிட்ட நம்பாத பாதியும் இருக்கு, அதுக்கும் நீரே உதவி பண்ணும்னு. பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். இயேசு என்ன, போய் முழுசா நம்பிட்டு வான்னு திருப்பி அனுப்பினாரா? அப்படியே ஏத்துக்கிட்டாரு. ஆஸ்பத்திரியில இவன் கேட்டானில்ல, பத்தலையான்னு? ஆமாண்டா கண்ணு, பத்தலை. யாருக்குத்தான் பத்தியிருக்கு? பத்தாததோடதான் போகணும்னேன்."

பதில் சொல்லியிருக்கிறார். நான் கேட்டபோது தங்கவயலைச் சொன்னது, அதை முதலில் தெரிந்துகொண்டால்தான் இது புரியும் என்பதற்காக என்று நினைக்கிறேன்.

மாத்திரை விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வலிப்புக்கு மாத்திரை கண்டுபிடிக்க மூளை கொடுத்தது யார் என்று திருப்பிக் கேட்கிறார். அவர் இதை எங்கிருந்தும் படித்துச் சொல்லவில்லை, ஆனால் பாட்டிக்குத் துணை இருக்கிறது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி எழுப்புதல் பிரசங்கத்துக்குப் பெயர் போனவர். 1747-ல் அவரே ஏழைகளுக்காக ஒரு கைவைத்தியப் புத்தகமும் எழுதினார். அவர் வழிவந்த மிஷன்தான் 1906-ல் மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியைத் தொடங்கியது. மண்டி மொகல்லாவில் இன்றும் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரி. ஜெபம் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் ஒரு கூடாரம் போதுமாயிருந்திருக்கும்.

ஆனால் பையன் விஷயம் இன்னும் தீரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறான். ஜெபத்தில் அரை நிமிஷம் பாட்டிக்காகக் கண்ணை மூடுகிறான். கோயிலுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறான். ஒன்றரை வருடமாகிறது. கை தட்டிய அந்தக் கூட்டத்தின் முகங்கள் எந்தச் சபையிலும் உட்கார்ந்திருக்குமே என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நண்பர் வற்புறுத்துவதில்லை. பாட்டி ஞாயிறு காலையில் கிளம்பும்போது, வர்றியா என்று ஒருமுறை கேட்கிறார். இல்லை என்றால் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். மேடையில் இருந்தவர் அவன் உயிருக்கு உலை வைத்ததைவிட, ஆண்டவரைப் பற்றி நினைத்தாலே அவனுக்கு அவமானம் வரும்படி செய்துவிட்டாரே என்பதுதான் பாட்டியின் கோபம். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பாட்டி என்னிடம், அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கதையாகச் சொன்னார்.

ஏரோது ராஜா யாக்கோபைப் பிடித்து வாளால் வெட்டிக் கொல்கிறான். அது ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் பேதுருவையும் பிடித்துச் சிறையில் போடுகிறான். பதினாறு சிப்பாய்கள் காவல், இரண்டு சங்கிலி. சபையார் ஒரு வீட்டில் கூடி ராத்திரி முழுவதும் ஜெபிக்கிறார்கள். தேவதூதன் வந்து சங்கிலி கழன்று, பேதுரு நேராக அந்த வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்கிற வேலைக்காரப் பெண் குரலைக் கேட்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடி, பேதுரு வந்திருக்கிறார் என்கிறாள். அதற்காகத்தான் ராத்திரி முழுக்க ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவளைப் பார்த்து என்ன சொன்னார்கள் தெரியுமா? உனக்குப் பைத்தியம் என்றார்கள்.

"அதான் சபை" என்று பாட்டி சிரித்தார். "யாக்கோபுக்காகவும் இதே ஆளுங்கதான் ஜெபம் பண்ணியிருப்பாங்க. அவரு வரலை. பேதுருவுக்காகப் பண்ணினாங்க, அவரு வாசல்ல நிக்கறாரு, இவங்க நம்பலை. ரெண்டையும் ஒரே அதிகாரத்துல எழுதி வெச்சிருக்கு. என் பக்கத்து வீட்டுக்காரி செத்துப்போற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இதைத்தான் சேர்ந்து வாசிப்போம்."

பையன் கிண்ணத்தில் இருந்த மாத்திரையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். இந்தக் கதையை அவன் ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தடவை கேட்டிருப்பான். ஆனாலும் தலையைத் தூக்காமல் கேட்டான்:

"அவங்க திறக்கலைன்னதும் பேதுரு என்ன ஆயா பண்ணாரு?"

"தட்டிக்கிட்டே இருந்தாரு" என்றார் பாட்டி. "கண்ணை மூடு. மணி எட்டாகுது."